எல்லா ஷாட்டும் மூன்று புள்ளி: கிரின்னெல் பாணியின் கணக்கும் ஆள்சேர்ப்பும்

2023 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தின் முடிவு இது: கிரின்னெல் 124, எம்மாஸ் பைபிள் கல்லூரி 67. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தலை சுற்றும். கிரின்னெல் அணி அன்று 111 ஷாட் எடுத்தது. 111-ம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எடுத்தவை. இரண்டு புள்ளிக்கான முயற்சி ஒன்றுகூட இல்லை. 40 ஷாட் உள்ளே விழுந்தன, அது 120 புள்ளி. பாக்கி நான்கும் ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்டில், வந்தவை.

அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 2012 நவம்பர் 20 அன்று, இதே கல்லூரியின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-வில் வில்ட் சேம்பர்லெய்ன் 1962-இல் எடுத்த 100 புள்ளியையே எட்ட முடியாத உயரமாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் குழம்பிப்போனார்கள். இது விளையாட்டா, வித்தை காட்டுதலா? ஏன் திரும்பத் திரும்ப ஒரே கல்லூரியில் நடக்கிறது? இவ்வளவு புள்ளி குவிக்கும் முறை என்றால் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏன் அதைத் தொடுவதில்லை?

பெரும்பாலான விளக்கங்கள் இதைக் களத்து உத்தியாக மட்டும் பார்க்கின்றன. ஆனால் இந்தப் பாணி பிறந்ததும், பரவியதும், ஓரிடத்தில் நின்றுபோனதும் ஆள்சேர்ப்பை வைத்துத்தான் புரியும். நல்ல ஆட்டக்காரரைக் காசு கொடுத்துக் கூட்டிவர வழியில்லாத கல்லூரிகள், காசுக்குப் பதிலாக ஆட்டத்தையே கொடுத்த கதை இது.

முதலில் சில சொற்கள்

கூடைப்பந்து பழக்கமானவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. மூன்று புள்ளி ஷாட்: வளையத்தைச் சுற்றி வரைந்த வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் இது 1986-87 பருவத்தில்தான் நாடு முழுக்க வந்தது. அப்போது கோட்டின் தூரம் 19 அடி 9 அங்குலம். என்.பி.ஏ. கோட்டைவிட நன்றாகவே அருகில் இருந்தது.

2. டர்ன்ஓவர்: ஷாட் எடுக்கும் முன்பே பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது.

3. அஃபென்சிவ் ரீபவுண்ட்: தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தன் அணியே பிடித்து மறுபடி முயல்வது.

4. ஃபுல் கோர்ட் பிரஸ்: எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்தே மைதானத்தின் முழு நீளத்திலும் நெருக்குவது. அதில் பந்து வைத்திருப்பவரை இருவர் சேர்ந்து மடக்கினால் அது ட்ராப்.

5. டிவிஷன் மூன்று: கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் கடைசி. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள பெரிய பிரிவும் இதுதான். இங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது. படிப்புத் திறனுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. நன்றாக ஆடுகிறான் என்பதற்காக ஒரு டாலர்கூட இல்லை.

ஐந்தாவதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அயோவாவில் ஒரு தோற்கும் அணி

கிரின்னெல் என்பது அயோவா மாநிலத்தில், டி மாய்ன் நகருக்குக் கிழக்கே, சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் சிற்றூர். ஊரில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. 1846-இல் தொடங்கிய கல்லூரியில் சுமார் 1,700 மாணவர்கள். இது ஏழைக் கல்லூரி அல்ல. அமெரிக்காவின் வசதியான சிறு கல்லூரிகளில் ஒன்று. இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்த இடம். சேர்வதும் கடினம், சேர்ந்தபின் படிப்பும் கடினம்.

கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு இந்தப் பெருமை எல்லாமே தலைவலி. அவர் தேடும் பையன் நன்றாக ஆட வேண்டும், மதிப்பெண்ணும் மிக உயர்வாக இருக்க வேண்டும், விளையாட்டுக்குப் பணம் கிடைக்காது என்பதற்குச் சம்மதிக்க வேண்டும், அயோவாவின் குளிர்காலத்தில் ஒரு சிற்றூரில் நான்கு வருடம் இருக்கவும் தயாராக வேண்டும். இத்தனையும் பொருந்தி, ஆறரை அடிக்கு மேல் உயரமும் இருக்கும் பையனை வேறு யாராவது ஏற்கெனவே கொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

டேவிட் ஆர்சனோ 1989-இல் பயிற்சியாளராக வந்தபோது, அந்த அணி கால் நூற்றாண்டாக ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றி கண்டதில்லை. தோல்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட மோசம், பெஞ்சில் உட்கார்ந்து சலித்தவர்கள் அணியை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். உதவித்தொகை இல்லாத இடத்தில் விலகுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. மறுநாள் காலை வேதியியல் தேர்வு இருக்கிறது. ஆடவும் விடாத அணிக்காக ஒரு மாணவன் ஏன் மாலை நேரத்தைத் தொலைக்க வேண்டும்? இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே ஆட்கள் கழன்றுவிட்டால், நான்காம் ஆண்டு அனுபவசாலி எங்கிருந்து கிடைப்பான்?

ஆக, அவருக்கு முன் இருந்த முதல் கேள்வி ஜெயிப்பது எப்படி என்பதுகூட இல்லை. ஆட்களை இருக்க வைப்பது எப்படி என்பதுதான்.

பாணி எப்படி இயங்குகிறது

அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதைச் சும்மா ‘தி சிஸ்டம்’ என்றே சொல்கிறார்கள். வேறு எந்தச் சிஸ்டம் என்று யாரும் கேட்பதில்லை.

1. ஐவராக மாறுவது. சாதாரண அணியில் எட்டு ஒன்பது பேர் மாறி மாறி ஆடுவார்கள். இங்கே பதினைந்து பேருக்குக் குறையாது. ஐஸ் ஹாக்கியில் போல, ஐந்து பேரும் மொத்தமாக வெளியே வர, அடுத்த ஐவர் மொத்தமாக உள்ளே போவார்கள். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்கு மேல் போவது அரிது.

2. ஓயாத நெருக்கல். ஒரு நிமிடம்தான் ஆடப்போகிறோம் என்பதால் மூச்சைச் சேமிக்க வேண்டியதில்லை. முழு மைதானத்திலும் துரத்தி, பந்துக்காரரை இருவர் மடக்குவார்கள்.

3. எதிரணிக்குச் சுலபமான கூடையை விட்டுக்கொடுப்பது. பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இடம் இதுதான். இருவர் ஒருவரை மடக்கினால் எங்கோ ஒருவர் சும்மா நிற்பார். எதிரணி அவரிடம் பந்தைச் சேர்த்துவிட்டால் லே-அப், அதாவது வளையத்தை ஒட்டி வந்து போடும் கூடை, நிச்சயம். சரி, போட்டுக்கொள், பந்தைச் சீக்கிரம் திருப்பிக் கொடு என்பதுதான் இவர்கள் மனநிலை. எதிரணி முப்பது விநாடி நிதானமாகப் பந்தை நகர்த்தி ஆடுவதைவிட, ஐந்தே விநாடியில் கூடை போட்டுவிடுவது இவர்களுக்கு லாபம்.

4. கிடைத்ததும் எறி. பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் ஷாட் போய்விட வேண்டும். அதில் பாதியாவது மூன்று புள்ளி.

5. தவறினால் பாய். நால்வர் வளையத்தை நோக்கி ஓடுவார்கள். தற்காப்புக்கு யாரும் பின்வாங்கி நிற்பதில்லை.

94, 47, 33, 32, 25

ஆர்சனோ தன் அணியின் ஆட்டக் குறிப்புகளைத் திரட்டி, எந்த எண்களை எட்டினால் வெற்றி வருகிறது என்று பார்த்து ஒரு சூத்திரம் வகுத்தார். பயிற்சியாளர்கள் வட்டத்தில் இது மனப்பாடம்:

1. ஆட்டத்தில் 94 ஷாட் எடுக்க வேண்டும். (மைதானத்தின் நீளமும் 94 அடி என்பது ஒரு வேடிக்கை.)
2. அதில் 47 மூன்று புள்ளி ஷாட்டாக இருக்க வேண்டும்.
3. தவறிய ஷாட்டுகளில் 33 சதவீதத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.
4. எதிரணியை 32 முறை பந்தைப் பறிகொடுக்க வைக்க வேண்டும்.
5. எதிரணியைவிட 25 ஷாட் அதிகம் எடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் எத்தனை சதவீதம் உள்ளே விழ வேண்டும் என்ற பேச்சே இல்லை. துல்லியம் என்பது திறமை சார்ந்தது. அதைத் தரும் ஆட்கள் தன்னிடம் இல்லை என்பதை ஒத்துக்கொண்டு, முயற்சியாலும் எண்ணிக்கையாலும் அடையக்கூடியவற்றை மட்டும் இலக்காக வைத்திருக்கிறார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 47 மூன்று புள்ளி ஷாட்டில் 16 விழுந்தால் 48 புள்ளி. இது 34 சதவீதம்தான், சுமார் ரகம். இன்னொரு 47 இரண்டு புள்ளி ஷாட்டில் பாதி விழுந்தால் 47. மொத்தம் 95. எதிரணிக்கு 69 ஷாட். லே-அப்பாக விட்டுக்கொடுப்பதால் அவர்கள் 60 சதவீதம் போடுகிறார்கள் என்றே வைப்போம். அப்போதும் 83 புள்ளிக்குள் நிற்கிறார்கள். நன்றாகப் போட்ட அணி தோற்கிறது, சுமாராகப் போட்ட அணி ஜெயிக்கிறது.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். எதிரணியிடம் பந்தை நன்றாகக் கையாளும் இருவர் இருக்கிறார்கள். 32 டர்ன்ஓவர் 20 ஆகக் குறைகிறது. அந்தப் பன்னிரண்டும் ஷாட்டாக மாறினால் 81 ஷாட், 60 சதவீதம், 97 புள்ளி. ஆட்டம் கை மாறிவிட்டது. பாணியின் உயிர் மூன்று புள்ளியில் இருப்பதாகத்தான் வெளியே தெரியும். உண்மையில் அது பந்து பறிப்பதில் இருக்கிறது. இந்தப் பாணி எந்த மட்டத்தில் பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கான விடையும் இந்த இரண்டு கணக்குக்கும் இடையில்தான் இருக்கிறது.

ஆட்டத்தையே சம்பளமாகக் கொடுப்பது

ஒரு கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஐந்து பேர் எப்போதும் களத்தில் இருப்பதால், பயிற்சியாளரின் கையில் பங்கிடுவதற்கு 200 ஆள்-நிமிடம் இருக்கிறது. எட்டுப் பேருக்குக் கொடுத்தால் தலைக்கு 25 நிமிடம், மற்ற ஏழு பேர் கைதட்டலாம். பதினைந்து பேருக்குக் கொடுத்தால் தலைக்குப் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் இந்தப் பதின்மூன்று நிமிடத்தில் மற்ற அணியில் இருபது நிமிடத்தில் நடக்கும் அளவுக்கு ஓட்டமும் ஷாட்டும் நடந்துவிடும்.

மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் பையனிடம் மற்ற கல்லூரிப் பயிற்சியாளர்கள் சொல்வது: வா, இரண்டு வருடம் பொறு, மூன்றாம் வருடம் உன் முறை. கிரின்னெல் சொல்வது: வா, முதல் வருடமே ஆடு, கோட்டுக்கு வெளியே இடம் கிடைத்தால் யோசிக்காமல் எறி, தவறினால் யாரும் உன்னை வெளியே இழுக்க மாட்டார்கள். பதினேழு வயதில் வீட்டு முற்றத்தில் தனியாக ஷாட் போட்டே வளர்ந்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போல சேர்க்கை இடத்தையோ கட்டணச் சலுகையையோ பேரத்துக்கு வைக்க முடியாத இடத்தில், பயிற்சியாளரிடம் இருக்கும் ஒரே நாணயம் ஆடும் நேரம். ஆர்சனோ அந்த நாணயத்தைச் சில்லறையாக மாற்றிப் பலருக்குக் கொடுத்தார்.

இதன் பலன்கள் மூன்று தளத்தில் தெரியும்.

1. தேட வேண்டிய ஆள் மாறுகிறான். வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர்களுக்கான சண்டையிலிருந்தே இந்த அணி விலகிக்கொள்கிறது. ஆறடி உயரம், நல்ல கை, சலிக்காத கால்: இப்படிப்பட்ட பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பெரிய கல்லூரிகள் வரிசையில் நிற்பதில்லை. சந்தையில் விலை குறைவாக மதிப்பிடப்பட்ட சரக்கைத் தேடி எடுப்பதுதான் இது.

2. தனித் திறமைக்கு இடம் கிடைக்கிறது. ஐந்து திறமையும் சுமாராக உள்ளவன் இங்கே தேவையில்லை. ஒருவன் எறிய, ஒருவன் பாஸ் கொடுக்க, ஒருவன் ரீபவுண்டுக்குப் பாய என்று பிரித்துவிடுகிறார்கள். ஸ்டீவ் டீக்மன் 1990-களின் நடுவில் டிவிஷன் மூன்றில் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுப்பவரானார். 2007-இல் பயிற்சியாளரின் மகன் டேவிட் ஆர்சனோ ஜூனியர் ஒரே ஆட்டத்தில் 34 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) கொடுத்தார். அப்போது அது என்.சி.ஏ.ஏ. சாதனை.

3. ஆட்கள் விலகுவதில்லை. பதினான்காவது ஆட்டக்காரனுக்கும் சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவன் வருவான். என்னைக் கேட்டால், முழுப் பாணியிலும் மிகக் குறைவாகப் பேசப்படும் லாபம் இதுதான்.

முடிவுகள் என்ன? 1996-இலும் 2001-இலும், கிரின்னெல் ஆடும் வட்டாரக் கல்லூரிக் குழுவான மிட்வெஸ்ட் கான்ஃபரன்சின் பட்டம். பல பருவங்களில் நாட்டிலேயே சராசரிப் புள்ளியில் முதலிடம். ஆனால் தேசிய அளவில் பெரிய வெற்றி என்று எதுவும் இல்லை. தோற்கும் அணியை வெல்லக்கூடிய அணியாக மாற்றியது, சாம்பியனாக மாற்றவில்லை. ரசிகர்கள் இதை மறந்துவிடுவார்கள். எதிர்ப்பவர்கள் இது ஒன்றை மட்டுமே சொல்வார்கள்.

சாதனைகள் விளம்பரமாகும்போது

இனி 138-க்கு வருவோம். அந்த ஆட்டத்தில் டெய்லர் 36 நிமிடம் ஆடி 108 ஷாட் எடுத்தார். 52 விழுந்தன, அதில் 27 மூன்று புள்ளி. கிரின்னெல் 179, ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரி 104. தோற்ற அணியில் டேவிட் லார்சன் என்பவர் தனியாக 70 புள்ளி எடுத்தார் என்பது செய்தியின் அடியில் புதைந்துபோனது. எதிரணிக்குச் சுலபமான கூடையை விட்டுக்கொடுக்கும் மூன்றாம் விதியின் விளைவுதான் அந்த 70.

கவனித்தால், 36 நிமிடம் ஒருவரே களத்தில் நின்றது, ஐவராக மாறுவது என்ற பாணியின் முதல் விதிக்கே எதிரானது. அன்று அணி முழுவதும் ஒருவருக்குப் பந்தைச் சேர்ப்பதற்காக ஆடியது. அது வேண்டுமென்றே செய்தது. முந்தைய ஆண்டு கிரிஃபின் லென்ட்ஷ் 89 புள்ளி எடுத்ததும், 2013-இல் டெய்லரே மறுபடி 109 எடுத்ததும் இதே ரகம். அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சிகள் ஓடி வந்தன. பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரி ஒரே இரவில் ஒவ்வொரு பள்ளி மாணவனின் கைப்பேசியிலும் வந்துவிட்டது. விளம்பரத்துக்கு ஆன செலவு பூஜ்யம்.

இது புதிய தந்திரமும் அல்ல. ஓஹாயோவின் ரியோ கிராண்டே கல்லூரி 1950-களின் தொடக்கத்தில் நூறு மாணவர்கூட இல்லாமல் மூடும் நிலையில் இருந்தது. அதன் பயிற்சியாளர் நியூட் ஆலிவர், பீவோ ஃபிரான்சிஸ் என்ற ஒரே ஆட்டக்காரரைச் சுற்றி அணியைக் கட்டினார். 1953 ஜனவரியில் ஃபிரான்சிஸ் 116 புள்ளி எடுத்தார். எதிரணி இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே உள்ள கல்லூரி என்பதால் அது அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. விடவில்லை. 1954 பிப்ரவரியில் ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக 113. டெய்லர் உடைக்கும் வரை ஐம்பத்தெட்டு ஆண்டு நின்ற சாதனை அது. சின்னஞ்சிறு கல்லூரி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வரை போய் ஆடியது. கல்லூரியும் பிழைத்தது.

எதிர்ப்பவர்களின் வாதத்தை இங்கே சரியாக வைக்க வேண்டும். ஃபெய்த் பாப்டிஸ்ட், எம்மாஸ் இரண்டும் என்.சி.ஏ.ஏ. உறுப்பினர்களே அல்ல, சிறிய பைபிள் கல்லூரிகள். நான்காண்டுக் கல்லூரி என்பதால் சாதனை செல்லும், அவ்வளவுதான். பலவீனமான அணியை அழைத்து வந்து, 70 புள்ளி வித்தியாசத்திலும் நெருக்கலை நிறுத்தாமல் ஆடுவது மரியாதையா? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது பாணியின் மீதான கேள்வி அல்ல. ஆண்டுக்கு ஓரிரண்டு ஆட்டத்தை விளம்பரமாக மாற்றும் முடிவின் மீதான கேள்வி. தன் கான்ஃபரன்சில் கிரின்னெல் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. 2005-இல் தேசியத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட பெலாய்ட் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் கிரின்னெல் 86-85 என்று தோற்றது.

எப்படிப் பரவியது

பயிற்சியாளர்கள் பொதுவாக ரகசியம் காப்பவர்கள். ஆர்சனோ நேர்மாறு. பயிற்சிப் படங்கள் வெளியிட்டார், கேட்டவர்களுக்கெல்லாம் சூத்திரத்தைச் சொன்னார். தன் கான்ஃபரன்சுக்கு வெளியே இருப்பவர்கள் கற்றுக்கொண்டால் அவருக்கு நஷ்டம் இல்லை. லாபமே. பாணி பரவினால் அதைப் பள்ளியிலேயே ஆடிப் பழகிய பையன்கள் கிடைப்பார்கள்.

கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்மித் இதை எடுத்துக்கொண்டார். 2004-05 பருவத்தில் அவர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 132.4 புள்ளி. இல்லினாயின் ஆலிவெட் நசரீன் பல்கலைக்கழகத்தில் டக் போர்ட்டர் இதைப் பெண்கள் அணிக்குக் கொண்டுபோனார். அதே மாநிலத்தின் கிரீன்வில் ஒரு ஆட்டத்தில் 200 புள்ளியைத் தொட்டது.

கொஞ்சம் மேலே, டிவிஷன் ஒன்றின் ஓரத்தில், வர்ஜீனியா ராணுவக் கல்லூரி இருக்கிறது. சீருடை, பாசறை வாழ்க்கை, முதலாண்டு மாணவர்களுக்குக் கடும் ஒழுங்கு. ஆள்சேர்ப்பு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே டக்கர் பாக்கம் தன் சொந்த வகையில் ஓட்டமும் மூன்று புள்ளியுமாக ஆட வைத்தார். 2006-07-இல் டிவிஷன் ஒன்றிலேயே சராசரிப் புள்ளியில் முதலிடம், 100-க்கு மேல். அவர் அணியின் ரெஜி வில்லியம்ஸ் இரண்டு பருவம் தொடர்ந்து நாட்டின் முதல் புள்ளிக்காரர், பிறகு என்.பி.ஏ. வரை போனார். 2008 நவம்பரில் கென்டக்கி பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 111-103 என்று வீழ்த்தினார்கள்.

இந்த இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். இதை எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் ஆள் கிடைக்காதவர்கள். வசதியாக இருந்துகொண்டு விரும்பி மாறியவர் யாரும் கண்ணில் படவில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு, வேலை போய்விடும் என்ற பயம் இல்லாத பயிற்சியாளர். வழக்கமான முறையில் ஆடித் தோற்றால் ஆட்கள் சரியில்லை என்பார்கள். விசித்திரமாக ஆடித் தோற்றால் பயிற்சியாளருக்குப் புத்தி சரியில்லை என்பார்கள். கால் நூற்றாண்டாகத் தோற்ற அணியில் அந்தப் பேச்சுக்கு வலு குறைவு.

மேலே போனால் ஏன் உடைகிறது

மூன்று சோதனைகள் நடந்திருக்கின்றன.

1. பால் வெஸ்ட்ஹெட். ஓல்ட் டொமினியனில் சன்னி ஆலன் வளர்த்த வேக ஓட்ட முறையை எடுத்து லயோலா மேரிமவுண்டில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர். 1989-90-இல் சராசரி 122.4 புள்ளி. டிவிஷன் ஒன்றில் அது இன்றும் சாதனை. அங்கேயும் ஆள்சேர்ப்புக் கதைதான்: ஹேங்க் கேதர்ஸ், போ கிம்பிள் இருவரும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து விலகி வந்தவர்கள். 1990 மார்ச்சில் கேதர்ஸ் களத்திலேயே விழுந்து இறந்தார். அதன் பிறகும் அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது. அடுத்த பருவமே வெஸ்ட்ஹெட் அதே முறையோடு என்.பி.ஏ.-வின் டென்வர் அணிக்குப் போனார். ஆட்டத்துக்கு 119.9 எடுத்தார்கள், 130.8 கொடுத்தார்கள். 20 வெற்றி, 62 தோல்வி. தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் நெருக்கினால் பந்து பறிபோவதில்லை, லே-அப்தான் போகிறது.

2. ரீனோ பிக்ஹார்ன்ஸ். என்.பி.ஏ.-வின் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே, மும்பையில் பிறந்தவர். மகளின் பள்ளிவயது அணிக்கே முழு மைதான நெருக்கலைப் பழக்கியவர். 2014-இல் தன் கிளை அணியான ரீனோவுக்கு ஆர்சனோ ஜூனியரைப் பயிற்சியாளராக்கினார். ஆட்டத்துக்குச் சராசரி 140 புள்ளி வந்தது. ஏழடி ஐந்து அங்குல உயரமான சிம் புல்லர், என்.பி.ஏ.-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர், அந்தப் பருவம் ரீனோவில்தான் இருந்தார். இப்படி ஓடும் அணியில் அப்படிப்பட்ட உயரமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. கிளை அணியில் ஆடுபவர்கள் அடுத்த கட்டத்துக்குத் தேர்வாக வந்தவர்கள். ஒரு நிமிடம் ஆடி உட்காருவது அவர்களுக்குச் சம்பளம் அல்ல, சம்பளப் பிடித்தம்.

3. வான்ஸ் வால்பெர்க். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகர இரண்டாண்டுக் கல்லூரியில், நான்கு பேர் விலகி நிற்க ஒருவர் வளையத்தை நோக்கிப் பந்தோடு பாயும் முறையையும் ஓயாத நெருக்கலையும் இணைத்து ஜெயித்தவர். மெம்ஃபிஸ் பயிற்சியாளர் ஜான் கலிபாரி அவரிடமிருந்து தாக்குதல் முறையை எடுத்துக்கொண்டு 2008-இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனார். அதே பருவத்தின் நடுவில், பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் தோல்விகள் குவிய, வால்பெர்க் பதவி விலகினார்.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். ஒரு பாணி முழுதாக மேலே போவதில்லை, உதிரியாகத்தான் போகிறது. மேலே இருப்பவர்கள் தங்கள் ஆள்சேர்ப்பை மாற்றாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதி மட்டும் போகிறது. பாய்ச்சலை எடுக்கலாம், ஏனென்றால் கலிபாரியிடம் பாயக்கூடிய நட்சத்திரங்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பதினைந்து பேருக்கு நேரத்தைப் பங்கிடுவதை எடுக்க முடியாது. என்.பி.ஏ. கனவோடு வந்த பையனிடம் உனக்குப் பதின்மூன்று நிமிடம்தான் என்று எந்தப் பெரிய பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்.

பாதி ஷாட் மூன்று புள்ளியாக இருக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான் தனியாக மேலே போயிருக்கிறது. 2017-18-இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்.பி.ஏ. வரலாற்றில் முதல்முறையாக இரண்டு புள்ளி ஷாட்டைவிட மூன்று புள்ளி ஷாட்டை அதிகமாக எடுத்தது. அவர்கள் அயோவாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. தனியாகப் புள்ளிவிவரக் கணக்குப் போட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். கிரின்னெலில் அந்த விதி உயரமான ஆட்கள் இல்லாத குறையிலிருந்து பிறந்தது. ஹூஸ்டனில் ஜேம்ஸ் ஹார்டன் என்ற பெரிய நட்சத்திரமே இருந்தார்.

தந்தைக்குப் பிறகு கிரின்னெல் அணியின் பொறுப்பு ஆர்சனோ ஜூனியரிடம் வந்தது. 111 ஷாட் ஆட்டம் அவர் காலத்தில் நடந்ததுதான். இந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் அங்கே பயிற்சியாளராக வரும்போது முதலில் அவர் எதைத் தேடுவார், ஆறடிப் பையன்கள் பதினைந்து பேரையா, ஆறே முக்கால் அடியில் ஒருவனையா?